பதினைந்திலும் வளையும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்னும் பழமொழியைக் கேளாத தமிழ்க் குடும்பம் இல்லை. பிள்ளைகளை இளமையிலேயே நெறிப்படுத்த வேண்டும் என்னும் இம்மூதுரையைக் குழந்தைநல ஆய்வுகளும் பெரிதும் உறுதி செய்கின்றன. ஆயினும், இதனைக் கேட்டு வளர்ந்த பெற்றோர் பலர் இரண்டு தவறான முடிவுகளுக்கு வந்துவிடுகின்றனர். அடித்தேனும் ஐந்து வயதிற்குள் பிள்ளையை வளைத்துவிட வேண்டும் என்பது ஒன்று. அந்த வயதைக் கடந்துவிட்டால் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. முன்னது குழந்தையை அச்சுறுத்துகிறது; பின்னது வளரிளம் பருவத்தினரைக் கைவிடுகிறது.

உண்மை நிலை வேறு. ஐந்து வயதுப் பிள்ளையைப் பெற்றோரின் கை வளைக்க முடியும். பதினைந்து வயதுப் பிள்ளை தானே வளைய வேண்டும்; அதற்குத் துணையாக ஒருவர் அமர்ந்து செவிகொடுத்தால் போதும். இது வெறும் ஆறுதல் மொழியன்று. நம் தலைநகர் தில்லியின் ஆறு அரசுப் பள்ளிகளில் நடைபெற்ற ஓர் ஆய்வு இதற்குச் சான்று தருகிறது. அந்த ஆய்வையும், அதனோடு தொடர்புடைய செய்திகளையும், நம் வீடுகளில் செய்யத்தக்கவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஏன் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும்?

உலகில் 10 முதல் 19 வயது வரை உள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 விழுக்காட்டினருக்கு இத்தகைய சிக்கல் இருப்பதாகக் கண்டது. பெருநகரங்களில் மட்டும் இது 13.5 விழுக்காடு. நாற்பது மாணவர்கள் அமர்ந்திருக்கும் ஒரு பெருநகர வகுப்பறையில் ஏறத்தாழ ஐவர் என்று இதனைக் கொள்ளலாம்.

வயது வந்தோரிடம் காணப்படும் மனநலச் சிக்கல்களில் பாதி, 14 வயதிற்குள் தோன்றிவிடுகின்றன என்பதும் ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட முடிவு. ஆகவே, பிள்ளையின் பள்ளிப் பருவத்திலேயே நாம் கவனம் செலுத்துவது நலம்.

குறும்பும் கோளாறும்

இரண்டு வயதுக் குழந்தை தரையில் புரண்டு அழுவது இயல்பு. பதின்மூன்று வயதுப் பெண் அறைக்கதவைச் சாத்திக்கொள்வதும் இயல்பு. பிள்ளைகளின் ஒவ்வொரு பிடிவாதத்தையும் நோயாகக் கருதுவது தவறு. அதேபோல், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதும் தவறு. இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் உதவும்.

முதலாவது, எவ்வளவு காலமாக? ஒரு வாரச் சினமும் மாதக்கணக்கில் நீளும் சினமும் ஒன்றல்ல. பெரியவர்களை ஓயாது எதிர்க்கும் நடத்தையைக் கோளாறு என்று முடிவு செய்யுமுன், மனநல மருத்துவர்கள் குறைந்தது ஆறு மாத கால நடத்தையைக் கணக்கில் கொள்கின்றனர். பெற்றோர் பிள்ளையோடு பேசத் தொடங்குவதற்கு அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது, எத்தனை இடங்களில்? வீட்டில் மட்டும் முரண்டு பிடிக்கும் பிள்ளை பள்ளியிலும் விளையாட்டுத் திடலிலும் இயல்பாக இருந்தால், வீட்டுச் சூழலைத்தான் முதலில் ஆராய வேண்டும். எல்லா இடங்களிலும் அதே நடத்தை என்றால், பிள்ளைக்கு உள்ளே ஏதோ தொல்லை இருக்கிறது.

மூன்றாவது, எதைக் கெடுக்கிறது? உறக்கம், உணவு, படிப்பு, நட்பு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ குலைந்திருந்தால் அதனைப் பொருட்படுத்த வேண்டும்.

இவற்றோடு மற்றொன்றையும் மறந்துவிடலாகாது. வகுப்பில் அடங்காத பிள்ளைக்குக் காது சரியாகக் கேளாதிருக்கலாம். கரும்பலகை மங்கலாகத் தெரியலாம். எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் இடர்ப்பாடு இருக்கலாம். படிக்க இயலாத மாணவன், "படிக்கத் தெரியாதவன்" என்னும் பெயரைவிட "முரடன்" என்னும் பெயரை விரும்பி ஏற்றுக்கொள்வதும் உண்டு. 2013ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளோருக்குப் பிறவிக் குறைபாடுகள், நோய்கள், ஊட்டச்சத்துக் குறைகள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகியவற்றைக் கண்டறியும் பரிசோதனைக்கு வழி செய்கிறது. குறை கண்டறியப்பட்டோரை அனுப்புவதற்கென மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் இத்திட்டத்தின்கீழ் உள்ளன. நடத்தையைத் திருத்த முற்படுமுன் கண்ணையும் காதையும் பரிசோதிப்பது செலவு குறைந்த முதற்படி.

சிறு வயதில்: பெற்றோரின் கை

சரோஜினி நகர்ச் சந்தையில் ஒரு குழந்தை பொம்மைக்காக அழுகிறது. தாய் மறுக்கிறார். அழுகை ஓங்குகிறது, சுற்றியிருப்போர் திரும்பிப் பார்க்கின்றனர். தாய் பொம்மையை வாங்கித் தருகிறார், அழுகை நிற்கிறது. இதில் இருவருக்கும் வெகுமதி கிடைத்துவிடுகிறது. உரக்க அழுதால் கேட்டது கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று தாயும் கற்றுக்கொள்கிறார். அடுத்த முறை அழுகை இன்னும் உயர்ந்த குரலில் தொடங்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் குடும்பங்களைப் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்கிய உளவியலாளர் கெரால்டு பேட்டர்சன், 1982இல் வெளியிட்ட நூலில் இச்சுழலை விரிவாக விளக்கினார். முரட்டு நடத்தையில் பெரும்பகுதி இவ்வாறு நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்வது என்பது அவருடைய முடிவு.

சிறுகச் சேர்ந்ததைச் சிறுகத்தான் கரைக்க வேண்டும். மறுப்பதைத் தொடக்கத்திலேயே அமைதியான குரலில் மறுத்தல், மறுத்தபின் மாற்றாதிருத்தல், பிள்ளை நன்முறையில் கேட்ட வேளையில் அதைக் கவனித்துப் பாராட்டுதல் ஆகிய மூன்றும் பெற்றோர் பயிற்சித் திட்டங்களின் அடிப்படை. இவற்றுள் மூன்றாவதைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தவறு செய்யும்போது மட்டும் பெற்றோரின் முழுக் கவனத்தையும் பெறும் குழந்தை, அந்தக் கவனத்திற்காகவே தவறு செய்யக் கற்றுக்கொள்ளும்.

அடி இதற்கு மாற்றாகாது. அடி அந்நேரத்து நடத்தையை நிறுத்துகிறது. சினம் வந்தால் கை ஓங்கலாம் என்பதையும் உடன் கற்பிக்கிறது. பள்ளிகளில் உடல்சார் தண்டனையை அனுமதித்த விதிகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் செல்லாதவை என்று அறிவித்தது. பின்னர் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்சார் தண்டனையோடு மனத்தைப் புண்படுத்தும் துன்புறுத்தலையும் நாடு முழுவதும் தடை செய்தது. பள்ளிக்குத் தகாதது என்று சட்டம் விலக்கியதை வீட்டில் வைத்துக்கொள்வதற்கு நியாயம் இல்லை.

தொடக்கநிலை இடையீட்டின் பயன் எவ்வளவு என்பதை எண்களில் காட்டும் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள இப்சிலாண்டி நகரில், 1962 முதல் 1967 வரை, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். அவர்களுள் 58 பேருக்கு மூன்று, நான்கு வயதில் நல்ல மழலையர் கல்வி வழங்கப்பட்டது. ஆசிரியர்கள் வாரந்தோறும் அவர்தம் வீடுகளுக்கும் சென்று தாய்மாரோடு உரையாடினர். எஞ்சிய 65 பேருக்கு இவ்வசதி இல்லை. பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு எனப்படும் இதில், இரு குழுவினரையும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தனர். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானோர், கல்வி பெற்ற குழுவில் 36 விழுக்காடு; பெறாத குழுவில் 55 விழுக்காடு. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் தம் குழுவினரோடு இதற்குக் கணக்கிட்டபோது, அத்திட்டத்தில் இட்ட முதல் ஆண்டுக்கு 7 முதல் 10 விழுக்காடு வரை சமூகத்திற்கு வருவாயாகத் திரும்பியிருப்பது தெரியவந்தது. வைப்புநிதி பற்றி அறிந்த நம் வாசகர்களுக்கு, இளமையில் இட்ட சிறு முதல் நாற்பது ஆண்டுகளில் எவ்வளவாகப் பெருகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

வளரிளம் பருவத்தில்: தில்லியின் ஆறு பள்ளிகள்

இளமையில் முதலிடத் தவறியவர்களின் நிலை என்ன? இக்கேள்விக்குத்தான் தில்லி விடை தருகிறது.

கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கத் என்னும் தன்னார்வ அமைப்பு, 2018-19 காலத்தில் தில்லியின் ஆறு அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஓர் ஆய்வை மேற்கொண்டது. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவ மாணவியருள், மனத்துயரமும் நடத்தைச் சிக்கலும் மிகுந்து காணப்பட்ட 250 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். அவர்களை 125 பேர் கொண்ட இரு பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரித்தனர். இரு பிரிவினருக்கும் சித்திரக்கதை வடிவில் அமைந்த சிறு கையேடுகள் தரப்பட்டன. ஒரு பிரிவினர் அவற்றைத் தாமே படித்துக்கொண்டனர். மற்றொரு பிரிவினரோ அவற்றோடு, மூன்று வார காலத்தில் நான்கைந்து முறை ஓர் ஆலோசகரைச் சந்தித்துப் பேசினர்.

அந்த ஆலோசகர்கள் மனநல மருத்துவர்களும் அல்லர். உளவியலில் முறைசார்ந்த பயிற்சி பெற்றவர்களும் அல்லர். இப்பணிக்கெனப் பயிற்சி அளிக்கப்பட்ட பட்டதாரிகளே அவர்கள். கற்பித்த முறையும் எளியது. சிக்கல் எது என்று வரையறுத்தல், அதற்குரிய வழிகளை எண்ணிப் பார்த்தல், ஒன்றைத் தேர்ந்து செய்து பார்த்தல் என மூன்றே படிகள்.

ஆறு வாரங்களுக்குப் பின், தம்மைப் பெரிதும் வருத்துவதாக மாணவர்கள் தாமே குறிப்பிட்டிருந்த சிக்கல்களின் கடுமை, ஆலோசகரைச் சந்தித்தோரிடம் கூடுதலாகக் குறைந்திருந்தது. பொதுவான மனநல அறிகுறிகளில் அப்போது குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்தபோது, முதற்சொன்ன பயன் நிலைத்திருந்ததோடு, அறிகுறிகளிலும் சிறிதளவு முன்னேற்றம் புலப்பட்டது. இது மாயம் எதுவும் நிகழ்த்தவில்லை என்பதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் நான்கைந்து உரையாடல்களின் பயன் ஓராண்டு நிலைத்தது என்பது சிறிய செய்தியன்று.

இதனோடு இணைந்து நடந்த மற்றோர் ஆய்வு பெற்றோர்க்கு இன்னும் முதன்மையானது. அதே ஆறு பள்ளிகளின் 70 வகுப்புகளில், மனநலம் பற்றியும் ஆலோசகர் செய்யும் உதவி பற்றியும் வகுப்பறையிலேயே ஓர் அமர்வில் விளக்கப்பட்டது. அவ்வாறு விளக்கப்படாத நிலையில் நூற்றுக்கு ஓரிருவரே ஆலோசகரிடம் வந்தனர். விளக்கியபின் நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரை ஆசிரியர் அனுப்பவில்லை, தாமாகவே வந்தனர்.

நம் பிள்ளைகள் உதவியை மறுப்பவர்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எங்கே கேட்பது, கேட்டால் என்ன ஆகும் என்று அறியாமல்தான் அவர்கள் வாய்மூடி இருக்கின்றனர்.

நாலந்தா கற்பித்த பாடம்

தில்லிக்கு முன்னரே பீகார் மாநிலத்தின் நாலந்தா மாவட்டத்தில் இதே அமைப்பு வேறொரு முறையைச் சோதித்திருந்தது. 74 அரசுப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அதில் பங்கேற்றனர். 25 பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். வேறு 25 பள்ளிகளில் அதே பணி அப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எஞ்சிய 24 பள்ளிகள் வழக்கம்போல் இயங்கின. மாணவர்கள் தம் குறைகளை எழுதிப் போடும் பெட்டி, சுவர் இதழ், போட்டிகள், தனியே அமர்ந்து பேசும் ஆலோசனை ஆகியன திட்டத்தின் உறுப்புகள்.

2018இல் வெளியான முடிவுகள் வியப்புக்குரியவை. ஆலோசகர் பணியாற்றிய பள்ளிகளில் மாணவர் ஒருவரையொருவர் வதைப்பது குறைந்தது, வன்முறை குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது, பள்ளியின் மீதான பற்று வளர்ந்தது. ஆசிரியரே அப்பணியைச் செய்த பள்ளிகளிலோ, திட்டமே இல்லாத பள்ளிகளைவிட எவ்வித முன்னேற்றமும் காணப்படவில்லை.

ஆசிரியர்கள் திறமையற்றவர்கள் என்பது இதன் பொருளன்று. பாடம், தேர்வு, பதிவேடு ஆகியவற்றின் சுமைக்கு நடுவே அவர்களுக்கு நேரம் குறைவு. அதனினும் முதன்மையான காரணமாக எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு: மதிப்பெண் இடுபவரிடமும் தண்டிக்கும் அதிகாரம் உடையவரிடமும் ஒரு மாணவன் தன் தவற்றைத் திறந்து சொல்லத் தயங்குவான். வீட்டில் பெற்றோர் நிலையும் இதுவே. கேட்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவராகவே இருந்தால், பிள்ளை தன் வாக்குமூலத்தைச் சுருக்கிக்கொள்ளும்.

தோளுக்கு உயர்ந்தால் தோழன் என்னும் நம் முன்னோர் மொழியின் பொருள் இங்கே விளங்குகிறது. தோழனிடம் முதலில் கேட்கிறோம். பின்னரே கருத்துச் சொல்கிறோம்.

வீட்டில் மூன்று படிகள்

தில்லிப் பள்ளிகளில் கையாண்ட மூன்று படிகளை வீட்டிலும் பின்பற்றலாம். எடுத்துக்காட்டாக ஒரு மாணவனை எண்ணிக்கொள்வோம். தந்தை வங்கியிலோ மத்திய அரசு அலுவலகத்திலோ பணியாற்றுகிறார். மாற்றல் ஆணை வந்து, குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து தில்லிக்குக் குடிபெயர்கிறது. மகன் ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறான். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், பள்ளிப் பேருந்தில் இந்தி. மூன்றாம் மாதம் பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது. பையன் ஒரு மாணவனை அடித்துவிட்டான். அதற்கு முன்பே வாரத்தில் இரு நாள் வயிற்றுவலி என்று பள்ளிக்குச் செல்ல மறுத்திருக்கிறான்.

"ஏன் அடித்தாய்?" என்று தொடங்கினால் விடை வராது, அது கேள்வி வடிவில் உள்ள தண்டனை. "பள்ளி நாளில் எந்த நேரம் உனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது?" என்று தொடங்கலாம். பேருந்தில் தன் இந்தி உச்சரிப்பைச் சிலர் கேலி செய்வதாக அவன் சொல்லக்கூடும். இப்போது சிக்கல் "முரட்டுத்தனம்" என்னும் பெரும் பெயரிலிருந்து, "காலைப் பேருந்தில் நாற்பது நிமிடம்" என்னும் கையாளத்தக்க அளவிற்குச் சுருங்கிவிட்டது. இது முதற்படி.

இரண்டாம் படியில் வழிகளை எண்ண வேண்டும். முன்னிருக்கையில் அமர்வது, நண்பன் ஒருவனோடு சேர்ந்து ஏறுவது, பேருந்துப் பொறுப்பாளரிடம் சொல்வது, சில வாரங்கள் மெட்ரோவில் செல்வது, மாலையில் இந்தி பேசிப் பழகுவது, மீண்டும் அடிப்பது. கடைசி வழியையும் அவன் சொன்னால் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் நன்மை தீமைகளை அவனே சொல்லட்டும். அடிப்பதன் விளைவை அவன் வாயாலேயே கேட்பது, நாம் ஒருமணி நேரம் அறிவுரை கூறுவதைவிட வலிமையானது.

மூன்றாம் படியில், அவன் தேர்ந்த ஒன்றை ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு மீண்டும் அமர வேண்டும். பயன் இல்லையெனில் அடுத்த வழி. தேர்வு அவனுடையதாக இருப்பது இன்றியமையாதது. பெற்றோர் தேர்ந்து கொடுத்த வழி தோற்றால் பெற்றோர் தோற்றதாகும். அவன் தேர்ந்த வழி தோற்றால் அவன் அடுத்ததைத் தேடுவான்.

அடித்ததற்குரிய பொறுப்பு இதனால் நீங்கிவிடாது. அடிபட்ட மாணவனிடம் வருத்தம் தெரிவித்தல், பள்ளி விதிக்கும் ஒழுங்கு நடவடிக்கையை ஏற்றல் ஆகியன தனியே நடைபெற வேண்டும். செவிகொடுப்பதும் சலுகை கொடுப்பதும் வெவ்வேறு.

மாற்றலாகி வரும் குடும்பங்கள், புதிய ஊரில் முதல் சில மாதங்கள் பிள்ளையின் உறக்கத்தையும் நட்பையும் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். தமிழ்ச் சூழல் பிள்ளைக்கு ஆறுதல் தரும் எனில், 1923 முதல் இந்நகரில் கல்விப்பணி ஆற்றிவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளையும் எண்ணிப் பார்க்கலாம்.

வங்கிக் கணக்கில் தென்படும் குறிகள்

பிள்ளையின் நடத்தை மாற்றம் சில வேளைகளில் ஆசிரியர் கண்ணில் படுமுன் பெற்றோரின் வங்கிக் கணக்கில் தென்படுவதுண்டு. நாம் செய்யாத சிறு சிறு யுபிஐ பரிவர்த்தனைகள், இரவு நேரத்தில் அடுத்தடுத்துச் சென்ற தொகைகள், கைப்பேசியிலிருந்து நீக்கப்பட்ட வங்கிக் குறுஞ்செய்திகள் ஆகியவற்றைக் கவனித்தல் வேண்டும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. எனினும் சட்டம் மட்டுமே ஒரு வீட்டின் கைப்பேசியைக் காவல் காக்க இயலாது.

இத்தகைய குறி தென்பட்டால், முதலில் ரகசிய எண்ணை மாற்றி, வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். வெளியார் மோசடி என்று ஐயுற்றால் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணத்தைப் பாதுகாத்தபின் பிள்ளையிடம் பேசலாம். கோபம் தணியாத நிலையில் பேசுவதால் பணமும் திரும்பாது, உண்மையும் வெளிவராது. தொகை எவ்வளவு என்பதைவிட, பிள்ளை யாருக்கு அஞ்சி அல்லது எதை மறக்க அதைச் செலவிட்டது என்பதே அறிய வேண்டியது.

தன்னடக்கத்தைப் பழக்குவதற்கு வங்கிக் கணக்கே ஒரு கருவியாகவும் அமையும். 10 வயது நிரம்பிய சிறார், வங்கி வகுக்கும் வரம்புகளுக்கு உட்பட்டுத் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. அக்கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க இயலாது. மாதந்தோறும் குறித்த நாளில் குறித்த தொகையை அதில் செலுத்துங்கள். பத்தாம் நாளிலேயே தீர்ந்துவிட்டால் நடுவில் நிரப்பாதீர்கள். எஞ்சிய இருபது நாள்கள் கற்பிப்பதைப் பெற்றோரின் சினம் கற்பிக்காது. பொம்மைக் கடையில் தொடங்கிய பாடத்தின் உயர்வகுப்பு இது.

எப்போது, எங்கே உதவி நாடுவது?

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், வாழ விருப்பமில்லை என்று பேசுதல் ஆகியன தென்பட்டால் அன்றே உதவி நாட வேண்டும். விலங்குகளையோ இளையோரையோ வேண்டுமென்றே துன்புறுத்துதல், தீ வைத்தல், வீட்டைவிட்டு ஓடுதல், போதைப் பொருளின் தடயம் ஆகியவற்றுள் எதுவாயினும் வீட்டு முயற்சியோடு நின்றுவிடலாகாது.

2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் நாள் முழுவதும் கட்டணமின்றி அழைக்கலாம். இந்திய மொழிகள் பலவற்றில் இயங்கும் இச்சேவையில் தமிழையும் தேர்ந்துகொள்ளலாம். குழந்தைகளுக்கு இன்னல் நேரும்போது அவர்களே அழைக்கத்தக்க எண் 1098. தில்லியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் மனநலத் துறையும், தில்ஷாத் கார்டனில் உள்ள இபாஸ் எனப்படும் மனித நடத்தை மற்றும் சார்பு அறிவியல் நிறுவனமும் பொதுத்துறையில் மருத்துவம் அளிக்கின்றன. பிள்ளையின் பள்ளியில் ஆலோசகர் இருக்கிறாரா, எந்த நாளில் எந்த அறையில் சந்திக்கலாம் என்பதை அடுத்த பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் கேட்டறிந்து பிள்ளையிடம் சொல்லி வைப்பது நன்று. 70 வகுப்புகளில் ஓர் அமர்வு செய்த பணி அதுதான்.

இவ்வளவும் தவறி, பிள்ளை சட்டத்தோடு முரண்படும் நிலை வந்தாலும் கதவு மூடிவிடவில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், அத்தகைய பிள்ளையை ஒரு நீதித்துறை நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துகிறது. மிகக் கொடிய குற்றம் சாட்டப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டோரைப் பெரியோர்போல் விசாரிக்க அச்சட்டம் இடம் தந்துள்ளது. ஏனைய பிள்ளைகளைப் பொறுத்தவரை திருத்தமும் மறுவாழ்வுமே அதன் நோக்கம். பதினைந்து வயதில் மனிதர் திருந்த முடியும் என்பதைச் சட்டமே ஏற்றிருக்கும்போது, பெற்றோர் அதற்கு முன்பாகவே நம்பிக்கை இழப்பது தகாது.

இந்த வாரமே ஒன்றைத் தொடங்கலாம். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, பதினைந்து நிமிடம் பிள்ளையோடு அமருங்கள். மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். நாளில் கடினமான நேரம் எது என்று மட்டும் கேளுங்கள். முதல் நாள் "ஒன்றுமில்லை" என்னும் விடையே வரலாம். அடுத்த வாரமும் அதே நாளில், அதே நேரத்தில் அமருங்கள். தொடர்வைப்புக் கணக்கில் முதல் தவணை செலுத்திய மறுநாளே முதிர்வுத் தொகையை யாரும் கேட்பதில்லை. தவணை தவறாமல் செலுத்துவதே நம் பொறுப்பு.